கல்யாணப் பத்திரிகையில் பொங்கல் வாழ்த்து, ஜிமிக்கி, கோலப் புத்தகம்

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் குப்பைக்குப் போவதில்லை. முகப்பில் பிள்ளையார் இருப்பார், மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், அதை எப்படித் தூக்கிப் போடுவது என்று அம்மா ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்துக்கொண்டே வந்தார். பெட்டி நிரம்பிப் பரணுக்கும் போயாயிற்று. எடுத்துப் பார்த்தால் அத்தனையும் நல்ல சரக்கு. கனத்த அட்டை, தங்கநிற அச்சு, உள்ளே மினுமினுக்கும் மெல்லிய தாள். இதே தரத்தில் கைவினைக் கடையில் வாங்கப் போனால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். மார்கழிக்கு இதிலிருந்து மூன்று பொருள் செய்வதென்று உட்கார்ந்தேன்: பொங்கல் வாழ்த்து அட்டை, அக்கா பெண்களுக்குக் காகித ஜிமிக்கி, வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு உள்ளங்கையில் அடங்குகிற கோலப் புத்தகம்.

முதல் வேலை தரம் பிரிப்பது. பத்திரிகையின் ஒரு மூலையை லேசாகக் கிழித்துப் பாருங்கள். கிழிகிற இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் இழுபட்டு நீண்டால் அது லாமினேஷன் செய்தது. அதன் மேல்பக்கத்தில் ஃபெவிக்கால் பிடிக்காது. தண்ணீரில் கரைந்த பசை நாருக்குள் ஊறினால்தான் ஒட்டும், பிளாஸ்டிக்கில் எங்கே ஊறுவது? அந்த வகையை அடிப்பக்கம் மட்டும் ஒட்டுகிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒட்டவேண்டிய இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். வெல்வெட் அட்டைகளை மடிக்க வேண்டாம். மடிப்பில் பூப்பூவாக உதிரும். அவை புத்தக அட்டைக்கு ஆகும். பெயர், தேதி, மண்டப விலாசம் இருக்கும் பகுதியை முதலிலேயே வெட்டி ஒதுக்கிவிடுவது நல்லது. பொங்கல் வாழ்த்தைப் பிரித்தால் முன்பின் தெரியாத இருவருக்குத் திருமணம் என்று இருந்தால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்!

இந்த மூன்று பொருளுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. தாளுக்கு ஓட்டம் இருக்கிறது. காகித ஆலையில் கூழ், ஓடுகிற வலைமேல் விழுந்து பரவும்போது நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அதனால் தாள் ஒரு பக்கமாக எளிதில் வளையும், மறுபக்கமாக முரண்டு பிடிக்கும். கோரைப்பாயை ஒரு வாட்டத்தில்தான் சுருட்ட முடியும் அல்லவா, அதே கதைதான். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில் உப்பும். ஆகவே பசை தடவிய தாள் ஓட்டத்துக்குக் குறுக்குவாட்டில் விரியும், காயும்போது அதே வாட்டில் சுருங்கும். அட்டை வில்லாக வளைவதும், மடிப்பில் நார் வெடித்து வெள்ளை தெரிவதும், புத்தகம் திறந்தால் நிற்காமல் மூடிக்கொள்வதும் இதனால்தான்.

எங்கள் பகுதியில் பள்ளி நோட்டும் கோயில் கணக்குப் புத்தகமும் தைத்துக் கொடுக்கும் பைண்டிங் கடைப் பெரியவர் இதைக் கிரெய்ன் என்பார். எந்தத் தாளை நீட்டினாலும் அளவு பார்க்க மாட்டார். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மெதுவாக அமுக்குவார், திருப்பிப் பிடித்து மறுபடி அமுக்குவார். “எந்தப் பக்கம் சொன்னபடி கேக்குதோ அந்தப் பக்கம் மடிம்மா. அதுகூட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது” என்று ஒருமுறை சொன்னார். சிறிய துண்டாக இருந்து கைக்குத் தெரியாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈர விரலால் தடவுங்கள். உடனே குழல் மாதிரி சுருளும். அந்தக் குழலின் நீளவாட்டுதான் ஓட்டம். ஒரே பத்திரிகையில்கூட வெளி அட்டையின் ஓட்டம் ஒரு பக்கமும் உள்தாளின் ஓட்டம் இன்னொரு பக்கமும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்து, பின்பக்கம் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டால் பிறகு குழப்பமில்லை.

வாழ்த்து அட்டையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதுதான் எளிது. ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மி.மீ. துண்டு ஒன்றை ஏ6ஆக மடிப்பது. மடிப்புக்கோடு ஓட்டத்தோடு போகவேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இரண்டு தடவை அழுத்தி இழுத்தால் பள்ளம் விழும். பள்ளம் வெளிப்பக்கமும் அதன் மேடு உள்பக்கமும் வருகிற மாதிரி மடிக்க வேண்டும். பலர் பள்ளத்துக்குள்ளேயே மடிக்கிறார்கள். கனத்த அட்டையில் அப்படிச் செய்தால் வெளித்தோல் இழுபட்டு விரிசல் விடும்.

திறந்தால் பானை எழுந்து நிற்கவேண்டும் என்று அக்கா பெண்களில் சின்னவள் கேட்டாள். பேனாக் கோடு போட்ட அதே மடிப்புக்குக் குறுக்கே, 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு. மடிப்பிலிருந்து இரு பக்கமும் 25 மி.மீ. நீளம். நடுவில் நிற்கும் பட்டையை உள்பக்கமாகத் தள்ளி மடித்தால் ஒரு குட்டிப் பெட்டி எழும். அதன் முன்முகத்தில் பானையை ஒட்ட வேண்டும். மூடும்போது பானை அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்றால் ஒரே கணக்குதான். பெட்டியின் ஆழம், பானையின் உயரம் இரண்டையும் கூட்டினால் அட்டையின் உயரத்தைத் தாண்டக் கூடாது. மடிப்பு கிடையாக வருவதால் இந்த ஏ6இல் உயரம் 105. பெட்டி 25, பானை 75 என்றால் 5 மி.மீ. மிச்சம். பானை தங்கநிற அட்டையில், கழுத்தில் மஞ்சள் கொத்துக்குப் பச்சைத் தாள் இரண்டு துணுக்கு. பத்திரிகை ஓரங்களில் அச்சிட்ட வாழைமரங்களை அப்படியே வெட்டி இருபுறமும் வைத்தேன். கரும்பு மட்டும் எந்தப் பத்திரிகையிலும் கிடைக்கவில்லை. ஊதா உள்தாளை ஊசிமேல் உருட்டிச் செய்ய வேண்டியதாயிற்று. ஜிகினா தூவுவதை நான் செய்வதில்லை. வாங்கியவர் வீட்டு மெத்தை வரைக்கும் அது போகும்.

கோலப் புத்தகத்துக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவும்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் ஓட்டம் நீளவாட்டில் இருக்கும். பாதியாக மடித்து ஏ5 செய்தால் மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழும். இன்னொரு மடிப்பில் ஏ6, அதில் மடிப்பு ஓட்டத்தோடு. ஏ7இல் மறுபடி குறுக்கே. ஏ8இல் மறுபடி சரி. 1922இல் ஜெர்மனியில் வகுத்த இந்த அளவு வரிசையில் எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது, ஆனால் ஓட்டம் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பிக்கொள்ளும். அதனால் நான் தேர்ந்தெடுத்தது ஏ8, 52க்கு 74 மி.மீ. அமெரிக்காவின் மினியேச்சர் புத்தகச் சங்கம் எந்தப் பக்கமும் 3 அங்குலத்தைத் தாண்டாததைத்தான் குட்டிப் புத்தகம் என்று ஒத்துக்கொள்கிறது. 3 அங்குலம் 76 மி.மீ. சொச்சம். அட்டை மேலும் கீழும் ஒவ்வொரு மி.மீ. நீண்டால் சரியாக 76. யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் ஒரு ஆசை.

ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் எட்டு ஏ7 துண்டு. நான்கு துண்டை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம், அச்சகத்தில் சொல்கிற ஒரு ஃபாரம். மூன்று ஏ4இல் ஆறு ஃபாரம், 96 பக்கம். கோலத்துக்கு இது தாராளம்.

தைத்த பிறகு கோலம் வரைவது சிரமம், பக்கம் படுக்காது. தாள்களாக இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும். அப்போது எந்தப் பக்கத்துக்கு எது ஜோடி என்று தெரிய வேண்டும். 16 பக்க ஃபாரத்தில் ஒரே தாளின் ஒரு முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. 1க்கு 16, 2க்கு 15, 7க்கு 10. இதில் 8ம் 9ம் மட்டும் அடுத்தடுத்த எண்கள். ஃபாரத்தின் நட்டநடுவில் வரும் அந்த ஜோடிதான் வெட்டில்லாமல் ஒரே தாளாக விரியும். பெரிய கோலங்களை அங்கேதான் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் எதிரெதிர்ப் பக்கம் வெவ்வேறு தாள், கோடு சேராது. சிக்குக் கோலத்தில் கோடு சேராவிட்டால் கோலமே இல்லை.

புள்ளி வைக்கத் தனி அச்சு செய்துகொண்டேன். கனத்த பத்திரிகை அட்டையில் 6 மி.மீ. இடைவெளியில் குத்தூசியால் ஓட்டை. இடைப்புள்ளிக்கு அடுத்த வரிசை 3 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. கீழே. தாள்மேல் வைத்துக் கூர்ப்பென்சிலால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தொடு தொட்டால் போதும். ‘7 புள்ளி 4 வரை’ கோலத்துக்கு 37 புள்ளி, அகலம் 36 மி.மீ., ஒரு பக்கத்தில் காற்றோட்டமாக உட்காரும். 9 புள்ளி 5 வரை என்றால் 48 ஆகிவிடும், முதுகுப் பக்கம் கோடு மடிப்புக்குள் புகுந்துவிடும். 15 புள்ளி 8 வரை நடுப்பக்கத்துக்கு. அதற்கு மட்டும் புள்ளி இடைவெளி 5 மி.மீ. வைத்த இன்னொரு அச்சு. புத்தகத்துக்கு ஆறு நடுப்பக்கம், ஆறு பெரிய கோலம். தேரும் தாமரையும் போட்டது போக மிச்ச நான்கை அம்மா கைப்படப் போட்டுக் கொடுத்தார். பக்கத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, “இவ்ளோ சின்னதா இருந்தா வாசல்ல எப்படிடி பார்த்துப் போடுவாங்க?” என்று கேட்டபடியே போட்டார். புள்ளிக் கணக்கை மட்டும் ஒவ்வொரு பக்க அடியிலும் பெரிதாக எழுதச் சொன்னார். அது நல்ல யோசனை.

முதல் பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய பிள்ளையார். பெட்டியில் இருந்த பிள்ளையார்களுக்கெல்லாம் இப்படி இடம் கிடைத்தது. அவரை ஜிமிக்கியிலோ வேறு எதிலோ போட எனக்கு மனம் வரவில்லை.

தையல். குரோஷா நூல், மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தது. நீளத்துக்குக் கணக்கு, புத்தக உயரத்தை ஃபாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, முடிச்சுக்கென்று இரண்டு உயரம் கூட்டிக்கொள்வது. இதற்கு 60 செ.மீ. ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் நான்கு ஓட்டை: மேலிருந்து 10, 28, 46, 64 மி.மீ. முதல் ஃபாரத்தில் ஒன்றாம் ஓட்டையில் வெளியிலிருந்து நுழைந்து, இரண்டில் வெளியே, மூன்றில் உள்ளே, நான்கில் வெளியே. அதன்மேல் இரண்டாவது ஃபாரத்தை வைத்து அதன் நான்கில் நுழைந்து மூன்றில் வெளியே வந்ததும், கீழ் ஃபாரத்தின் முதுகில் தெரிகிற தையலுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழுத்து, பிறகு இரண்டில் உள்ளே. ஒன்றில் வெளியே வந்ததும் தொங்கும் நூல்முனையோடு முடிச்சு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு கோடியிலும் ஊசியைக் கீழே உள்ள இரண்டு ஃபாரங்களின் நடுவில் விட்டு ஒரு கொக்கி முடிச்சு. அவ்வளவுதான்.

நூலை இறுக்குவது எப்போதும் முதுகின் வாட்டத்தில், மேலோ கீழோ. நமக்கு நேராக இழுத்தால் ஓட்டை கிழிந்து வாய் பிளக்கும். இறுக்கம் சரியா என்று பார்க்க ஃபாரங்களை விரலால் அமுக்கிவிட்டு முதுகைப் பார்க்கலாம். நூல் தளர்ந்து வளையம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம். தாள் மடிப்பு நசுங்கி உள்ளே போனால் அதிகம்.

முதுகுக்குப் பைண்டர்கள் தனித் துணி ஒட்டுவார்கள். எனக்கு மருந்துக்கடையில் விற்கும் காஜ் துணி போதுமாயிருந்தது. முதுகை விட இருபுறமும் ஒரு விரல் அகலம் அதிகமாக வெட்டி ஒட்டினேன். அட்டை, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய 2 மி.மீ. கிரே போர்டு. உயரம் 76, அகலம் 49, முதுகை ஒட்டி 4 மி.மீ. சந்து. அந்தச் சந்து இல்லாவிட்டால் அட்டை திறக்காது. மேலே வெல்வெட் அல்லது பட்டுச்சேலைக் கரைபோல அச்சிட்ட பத்திரிகை உறை. அட்டை, மேலுறை, உள்ளே ஒட்டும் தாள் மூன்றின் ஓட்டமும் முதுகோடு போகவேண்டும். மேலுறை காயும்போது அட்டையை வெளிப்பக்கம் இழுக்கும், உள்தாள் காயும்போது உள்பக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே வாட்டில் இழுத்தால் அட்டை தட்டையாக நிற்கும்.

பசை பற்றி இரு கட்சி உண்டு. மைதாப் பசை மெதுவாகக் காயும், தாளை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். ஆனால் தண்ணீர் அதிகம், பூச்சியும் வரும். பூச்சிக்குப் பைண்டர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் கைக்குப் போகிற புத்தகத்தில் நான் கலக்க மாட்டேன். ஃபெவிக்காலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து வழித்து மெல்லிய படலமாகத் தடவினேன். தடவியபின் தாள்மேல் வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். ஒட்டியதும் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, அம்மிக்குழவிக்கு அடியில் போட்டுவிட வேண்டும். சென்னையில் மழை ஓய்ந்தும் காற்றில் ஈரம் போகாத நாட்கள். கோடையில் ஒரு ராத்திரியில் காய்வது இப்போது இரண்டு ராத்திரி கேட்கும். அவசரப்பட்டுத் திறந்தால் அட்டை வளையும். மின்விசிறியில் வைத்தால் இன்னும் மோசம், மேல்பக்கம் மட்டும் முதலில் காய்ந்து இழுத்துக்கொள்ளும்.

ஜிமிக்கிக்கு உள்தாள்கள். 3 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். இங்கேயும் அதே கிரெய்ன் விஷயம்தான், ஆனால் திருப்பி யோசிக்க வேண்டும். பட்டை ஊசியைச் சுற்றி வளைகிறது, அதனால் ஓட்டம் ஊசியோடு நிற்கவேண்டும். அதாவது பட்டையின் நீளம் ஓட்டத்துக்குக் குறுக்கே. நீளவாட்டில் வெட்டிய பட்டை சுற்றும்போது முறிந்து முறிந்து பலகோணமாகச் சுருளும். நடுவில் கண் வட்டமாக வரவே வராது.

ஒரு ஜிமிக்கிக்கு எவ்வளவு பட்டை? 2 செ.மீ. விட்டம் என்றால் ஆரம் 10 மி.மீ. பத்தைப் பத்தால் பெருக்கி 3.14ஆல் பெருக்கினால் 314. தாள் தடிமன் 0.15 மி.மீ.ஆக இருந்தால் அதனால் வகுக்க, 2 மீட்டர் 9 செ.மீ. சொச்சம். 18 செ.மீ. தாளிலிருந்து 12 பட்டை. இரண்டு காதுக்கும் முன்கூட்டியே எண்ணி வெட்டிக்கொண்டால் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்ற பேச்சே வராது. ஒரு காதுக்கான 12 பட்டையும் சேர்ந்து முக்கால் கிராம்தான். காது தொங்கிப்போகும் என்று ஜிமிக்கி போடாமல் விட்டவர்களுக்கு இது ஒரு வரம்.

பட்டை நுனியைக் குவில்லிங் ஊசியின், அதாவது காகிதம் சுருட்டுவதற்கென்று நுனி பிளந்த ஊசியின், பிளவில் மாட்டி இறுக்கமாகச் சுற்றி, முடிகிற இடத்தில் அடுத்த பட்டையை முனைக்கு முனை முட்டவைத்து ஒட்டிச் சுற்றிக்கொண்டே போவது. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அந்த இடத்தில் மேடு தட்டும். தட்டு தயாரானதும் கோலிக்குண்டு மேல் வைத்து விரலால் மெதுவாக நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்க, சுற்றுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக் குடையாக இறங்கும். இறங்கும்போது விரல்நுனியில் சன்னமான நரநரப்பு தெரியும். அது நின்றுவிட்டால் அதற்குமேல் தள்ளக் கூடாது, நடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உடனே உள்பக்கம் ஃபெவிக்காலைத் தண்ணீர் கலக்காமல் தடவிக் காயவிட வேண்டும். வெளியே வார்னிஷ் இரண்டு பூச்சு. நெயில் பாலிஷும் ஆகும், ஆனால் ஸ்கெட்ச் பேனாவால் ஏதாவது வரைந்திருந்தால் அதைக் கலைத்துவிடும்.

விளிம்பைச் சுற்றி, குட்டிக் குண்டுகளாகக் கோத்த பால் செயின் (ball chain) 6.5 செ.மீ. ஒரு முனையில் தலை உள்ள கம்பியான ஹெட் பின்னில் முத்து கோத்து, குடையின் கண் வழியே மேலே எடுத்து, வட்டமூக்குக் குறடால் வளையம். அதை ஹூக்கோடு இணைக்கும் சிறு வளையமான ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது இரு முனையையும் விலக்கி இழுக்காமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் திருக வேண்டும். அப்போதுதான் மூடினால் முனைகள் பழையபடி சந்திக்கும். ஹூக் மட்டும் மலிவில் வாங்காதீர்கள். நிக்கல் கலந்தது பலருக்குக் காதைப் புண்ணாக்கும். வெள்ளியாக இருக்கட்டும்.

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது, விற்கலாமே என்பதுதான். ஜிமிக்கி விற்கலாம், அட்டையும் விற்கலாம். கோலப் புத்தகத்துக்கு உட்காரும் நேரத்தைக் கணக்குப் போட்டு விலை சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்குகிற விலைக்குச் சொன்னால் எனக்குக் கட்டாது. தெரிந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாமி அதைச் சாவிக்கொத்தோடு முடிந்து வைத்திருக்கிறார். முதுகு ஒன்றும் ஆகவில்லை, மூலை மட்டும் மழுங்கியிருக்கிறது. அடுத்த தடவை மூலைக்குத் துணி ஒட்டிவிடப் போகிறேன்.

ஜிமிக்கி பொங்கல் வரை தினமும் போட்டதில் வார்னிஷ் நன்றாகவே தாங்கியது. வியர்வை படுகிற உள்பக்கம் மட்டும் லேசாக மங்கல், அங்கேயும் ஒரு பூச்சு கொடுத்தால் சரியாகும். தலைக்குக் குளிக்கும்போது கழற்றித்தான் ஆகவேண்டும். சின்னவள் இப்போது மாட்டல் கேட்கிறாள். அதற்குக் காகிதம் சரிப்படாது, பால் செயினையே இரண்டு சரமாக எடுத்து ஒரு முனையை ஹூக்கிலும் மறுமுனையைத் தலைமுடிக்கான கொக்கியிலும் கோத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.